சின்னவள் வைத்த பெயர்கள்

காயலில் காற்று எழும்பிவிட்டால் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பாய் படபடக்கும், பலகைக்கு அடியில் தண்ணீர் அறையும், தலைக்கவசத்துக்குள் காற்று ஊளையிடும். கூப்பிடு தூரத்தில் போகிறவனைத் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டாலும், அவன் ‘என்ன?’ என்று திரும்புவதற்குள் தண்ணீரில் விழுந்திருப்பான். அதனால் எங்கள் கரையில் பாய்ப்பலகை, அதாவது விண்ட்சர்ஃபிங், ஓட்டுகிறவர்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். இடுப்பு வாரைப் பாயில் மாட்டிக் கைகளை விடுவித்து, இன்ன வித்தை செய்யப் போகிறேன் என்று காட்டிவிட்டுத்தான் செய்வார்கள். இரண்டு முஷ்டிகளை எதிரெதிராகத் திருகினால் ஒன்று. ஒரு முஷ்டியை உள்ளிருந்து வெளியே புரட்டினால் இன்னொன்று.

புதிதாக வருகிறவர்கள் இதை உலகம் முழுக்க இருக்கும் ஏற்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. அந்தக் கைப்பெயர்களை வைத்தவள் ஒருத்தி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வீட்டுக்கு இரண்டாவது பெண் என்பதால் சின்னவள். அவளுக்குக் காது கேட்காது.

நடக்கப் பழகிய வயதில் வந்த காய்ச்சல் அது. உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. காதோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனதென்று பல வருஷம் கழித்துத்தான் ஒரு டாக்டர் சொன்னார். நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று சொல்லும் ஏதோ ஒன்று எல்லோருக்கும் காதுக்குள் இருக்கிறதாம். அவளுக்கு அதுவும் இல்லை. கண்ணும் பாதமும்தான் அவளுக்கு எல்லாம். கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவாள். முகம் கழுவும்போது ஒரு கை தொட்டி விளிம்பைப் பிடித்திருக்கும். தலைக்குக் குளிக்கும்போது முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

அவளுக்கு வாய் அக்காதான். கடையில், பேருந்தில், வேலை கேட்டுப் போன இடத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், எங்கேயும் அக்கா பேசுவாள், சின்னவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எல்லோருக்கும் கையால் ஒரு பெயர் வைப்பாள். அக்காவுக்கு வைத்தது உதட்டின் மேல் இரண்டு விரல். வாய். அக்கா பார்சல் அனுப்பும் ஒரு கம்பெனியில் தொலைபேசிப் பிரிவில் இருந்தாள். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் தொலைந்த பார்சல்களுக்காக யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. அந்த வகையிலும் பெயர் பொருத்தம்தான்.

அக்காவின் கணவர் கரையில் ஒரு தகரக் கொட்டகை வைத்துப் பலகையும் பாயும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு அவர் மாப்பிள்ளை. கல்யாணமாகித் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பட்டம் மட்டும் இறங்கவில்லை. அவருடைய மாமனார்கூடப் பெயரை மறந்திருப்பார் என்று கிண்டல் செய்வோம். சின்னவள் அவருக்கு வைத்தது மீசை முறுக்கு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன், கரையில் வாத்தியார். எனக்கு, மூக்கில் இறங்கிய கண்ணாடியை விரலால் ஏற்றிவிடுவது.

ஒரு விடுமுறை நாளில் அக்காவோடு கொட்டகைக்கு வந்தவள், மாப்பிள்ளை பாய் சுருட்டுவதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் துள்ளுகிற பாயை இரண்டு பேராகச் சுருட்டுவது சாமானியமல்ல. ஒருத்தர் இழுக்கும்போது மற்றவர் விட வேண்டும். அவள் கை அதைத் தெரிந்துவைத்திருந்தது. சலவைக்கூடத்தில் நாள் முழுக்கக் கட்டில் விரிப்புகளை இன்னொருத்தியோடு எதிரெதிரே நின்று மடிக்கிறவள் அல்லவா. சுருட்டி முடித்ததும் தண்ணீரைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள்.

“வேணாம்” என்றாள் அக்கா, வாயாலும் கையாலும். மாப்பிள்ளையிடம் திரும்பி, “தண்ணிக்குள்ள முங்கினா அவளுக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாதுங்க” என்றாள்.

“இடுப்பளவு தண்ணிதானே. நான் கூடவே நிக்கிறேன்.”

“நிப்பீங்க. உங்க போன் அடிக்கிற வரைக்கும்.”

ஆனாலும் அன்றைக்குச் சின்னவள் அகலமான பலகை ஒன்றில் ஏறினாள். விழுந்தாள். ஏறினாள். விழுந்துகொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் விழுவோம். அவள் காலைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் கொட்டகையின் மஞ்சள் கூரையில் கண்ணை நட்டுக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றாள். சாயங்காலம் பலகை மெல்ல நகர ஆரம்பித்தபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை. துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கிறவளின் முகம்தான் இருந்தது.

அடுத்த வருஷம் எங்களோடு சேர்ந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் பெயர்ப் பிரச்சினை வந்தது.

பாய்ப்பலகை வித்தைகளுக்கு இருக்கிற பெயர்களைக் கேட்டால் தலை சுற்றும். ஃப்ளாகா, க்ரப்பி, வில்லி ஸ்கிப்பர். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பெயரையும் அங்கேயே பொறுக்கிக்கொண்டோம். வில்லி யார், எதைத் தாண்டினார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே “நேத்து எனக்கு வில்லி வந்துடுச்சு” என்று ஏதோ விருந்தாளி வந்ததுபோலப் பேசிக்கொள்வோம். சின்னவளுக்கு உதட்டசைவு படிக்க வரும், தெரிந்த சொல்லாக இருந்தால். இவையெல்லாம் அவளுக்கு வாயில் எதையோ போட்டு மெல்வதாகத்தான் தெரிந்திருக்கும். ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டாள். நான் ஈர மணலில் ‘வில்லி ஸ்கிப்பர்’ என்று எழுதிக் காட்டினேன். படித்தாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். தெரியாது என்று கையை விரித்தேன். பிறகு ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்றாள். அதற்கும் கையை விரித்தேன்.

அவள் மணலைக் காலால் அழித்துவிட்டு, அந்த வித்தையைச் செய்யும்போது என்ன நடக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பாய் அப்படியே நிற்க, பலகை மட்டும் தாவி முன்பின் மாறுகிறது, அவ்வளவுதான் என்று காட்டினேன். யோசித்தாள். பிறகு ஒரு முஷ்டியை மற்றக் கையால் பிடித்து, தலையணை உறையை உட்புறம் வெளியாகப் புரட்டுவதுபோலப் புரட்டினாள். சலவைக்கூடத்தில் துவைக்கப் போடுமுன் ஒவ்வொரு உறையையும் அப்படிப் புரட்டித்தான் போட வேண்டுமாம். எனக்குச் சட்டென்று விளங்கியது. பாய் அப்படியே, பலகை மட்டும் மறுபக்கம். அன்று முதல் எங்களுக்கு அது உறை.

பாயைத் தலைக்கு மேல் எறிந்துவிட்டு அதன் அடியில் குனிந்து மறுபக்கம் போகும் திருப்பம் விரிப்பு ஆனது. காற்றுக்கு எதிராகத் திரும்பி, பாயைத் தன் மேலேயே சாய்த்துப் பிடித்துத் தாவி, பின்னோக்கி இறங்கி, பலகையின் மூக்கில் வழுக்கியபடியே ஒரு முழுச் சுற்று சுற்றும் ஃப்ளாகாவைப் பிழிதல் என்றாள். முதலில் நாங்கள் அவளுக்காகத்தான் அந்தச் சைகைகளைக் காட்டினோம். பிறகு எங்களுக்குள்ளேயே காட்ட ஆரம்பித்தோம். பிறகு வாயிலும் வந்துவிட்டது. “இன்னிக்குப் பிழிஞ்சியா?” “எங்க, பாதி பிழியறதுக்குள்ள காத்து செத்துடுச்சு.” டீக்கடைக்காரர் கொஞ்ச நாள் எங்களை எல்லாம் சலவைத் தொழிலாளிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். பெயர் மாறியதும் எங்களுக்கு வித்தையும் எளிதில் பிடிபட்டது. ஃப்ளாகா என்றபோது என்ன செய்வதென்று தெரியாமல் கையும் காலும் தனித்தனியாகப் போராடின. பிழிதல் என்றதும் மேல் உடம்பு ஒரு பக்கம், கீழ் உடம்பு மறுபக்கம் என்று உடம்பே புரிந்துகொண்டது. பெயர் என்பது கூப்பிடுவதற்கு மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் பெயர் வைத்தவளுக்கே பிழிதல் வரவில்லை. சுற்றினால் எங்களுக்குத் தலை கிறுகிறுக்கும். அவளுக்குக் கிறுகிறுப்பே கிடையாது, அதற்கான உறுப்பும் காய்ச்சலோடு போயிருந்தது. அவள்தான் முதலில் கற்றுக்கொள்வாள் என்று பந்தயமே கட்டினோம். அவளோ ஒவ்வொரு தடவையும் பாதிச் சுற்றில் விழுந்தாள்.

அப்படி விழுந்த ஒரு தடவைதான் அது நடந்தது. மழை பெய்து ஓய்ந்த சமயம், காயல் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. பாய் அவள் மேல் படுத்தது. நாங்கள் எல்லோரும் பாய்க்கு அடியில் மாட்டுவதுண்டு; கையால் பாயை மேலே தள்ளி, ஓரமாக வந்து மூச்சு விட்டுக்கொள்வோம். நான் திரும்பி வரும்போது பாய் தட்டையாகக் கிடந்தது, பக்கத்தில் தலை இல்லை. பாய் ஓர் இடத்தில் உள்ளிருந்து குத்துப்பட்டதுபோல எழும்பி எழும்பி அடங்கியது. நான் என் பாயைப் போட்டுவிட்டு நீந்திப் போய் அதைத் தூக்கிப் புரட்டினேன். இருமிக்கொண்டே வந்தாள். என் தோளைப் பிடித்தவள் கரை வரைக்கும் விடவில்லை.

பிறகு சொன்னாள். மிதவைச்சட்டை அவளைப் பாயோடு ஒட்டி வைத்திருக்கிறது. அவள் பாயைக் காயலின் அடித்தரை என்று நினைத்திருக்கிறாள். தரையை உதைத்தால் மேலே போகலாமே, அதனால் அதை உதைத்து உதைத்து எதிர்ப்பக்கம், அதாவது கீழே, போகப் பார்த்திருக்கிறாள். “அங்கே எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்” என்று கையால் காட்டினாள்.

அக்காவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. அன்று மீசையைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை அவர்தான் என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் சண்டை என்றால் சத்தமே இருக்காது. கைகள் வேகமாகும், பாத்திரம் இடிபடும். கடைசியில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முகம் திரும்பிவிட்டால் பேச்சு முடிந்தது; மற்ற வீடுகளில் கதவை அறைந்து சாத்துவது மாதிரி. அன்று அக்கா முகத்தைத் திருப்பினாள். சின்னவள் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அக்கா மறுபடி திருப்பினாள். அப்படியே அடுப்பைச் சுற்றி இரண்டு பேரும் சுற்றியிருக்கிறார்கள்.

சின்னவள் கரைக்கு வருவது நின்றது. சில வாரம் கழித்து, வேலை முடிந்த கையோடு அக்கா மட்டும் தனியாக வந்தாள். கொட்டகை வாசலில் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்து நின்றாள்.

“வாத்தியாரே, இது என்ன?” இரண்டு முஷ்டியையும் சேர்த்துத் திருகினாள். “வீட்டுல நின்னுகிட்டே, உக்காந்துகிட்டே இதையே பண்றா. கேட்டா சொல்ல மாட்டேங்குறா.”

“அது ஒரு வித்தைங்க. பிழிதல்னு சொல்லுவோம். அவங்க வச்ச பேருதான்.”

“அவ வச்சதா?”

“எல்லாமே அவங்க வச்சதுதான்.”

அக்கா படகு இறக்கும் சாய்தளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்கல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறதைப் பார்த்திருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியாது. அவ சொல்றது எனக்குப் புரியாம போனது இங்கதான் முதல் தடவை, தெரியுமா? அவ முங்கினான்னு கேட்டப்ப பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கோவம் இருந்துச்சு.”

நான் அடுத்த பலகையில் தண்ணீர் ஊற்றினேன். சொல்லவேண்டியதை அவளே சொல்லிவிட்டாள்.

எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். “சரி. பாய்க்கு அடியில இருந்து வெளிய வரத் தெரியணும். அதை என் கண்ணால பார்க்கணும். அப்புறம் என்னத்தையாவது பிழியட்டும்.”

அந்த வார இறுதியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பழைய பாயை விரித்தோம். மாப்பிள்ளை வழி சொன்னார். வாயில் இருக்கிற காற்றைக் கொஞ்சமாக விடு. கன்னத்தில் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் மேல். பாய் தட்டுப்பட்டால் உதைக்காதே, தள்ளாதே. கையை வைத்து ஒரே திசையில் போய்க்கொண்டே இரு. ஓரம் வந்தே தீரும். அக்கா அதை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றிச் சொன்னாள். பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். உடுத்தியிருந்த துணியோடே தண்ணீரில் இறங்கி, பாயின் விளிம்பைத் தானே பிடித்துக்கொண்டாள். “நீங்க பிடிச்சா இரக்கப்பட்டுத் தூக்கிடுவீங்க” என்றாள்.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு முங்கினாள். அக்கா பாயை அவள் மேல் அழுத்தினாள். பாய்க்கு அடியில் ஒரு மேடு தெரிந்தது, ஒரு பக்கமாகப் போனது, நின்றது, திரும்பியது. திரும்பக்கூடாது என்று நான் மனதுக்குள் கத்தினேன். மேடு மறுபடி நின்றது. பிறகு நேராக நகர்ந்து ஓரத்தில் தலையாக வெளியே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே கையை ஆட்டினாள்: இன்னொரு தடவை. அக்கா அழுதுகொண்டே பாயைத் தூக்கிப் பிடித்தாள். அன்றைக்கு நெடுநேரம் அதைச் செய்தார்கள். முடியும்போது சின்னவள் பாய்க்கு அடியில் வேண்டுமென்றே தங்கி, வெளியே வந்து அக்காவின் மேல் தண்ணீரை ஊதினாள். அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிழிதல் மட்டும் வரவில்லை. இப்போது அக்காவும் கரையில் இருந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள். பார்சல் தொலைந்தவர்களின் புகாரைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே தொலைந்தது என்று முதலில் இடத்தைக் கேட்பாள். “ஏன் எப்பவும் அதே இடத்துல விழறே?” என்று கேட்டாள். சின்னவள் ஈர மணலில் நின்று மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். இங்கே கூரை தெரிகிறது. இங்கே தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. பிறகு கரைக்கு முதுகு காட்டித் திரும்பிய இடத்தில் நின்று, முன்னால் கிடந்த காயலை உள்ளங்கையால் துடைத்துக் காட்டினாள். இங்கே ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர். கண்ணுக்குப் பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் அவள் விழுந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு அது தோன்றியதே இல்லை. எங்கள் காது அந்த வேலையை எங்களுக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கொட்டகைக்குள் போய் ஆரஞ்சு நிற மிதவைச்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். காயலுக்கு நடுவே ஒரு மணல் திட்டு உண்டு, நின்றால் தொடையளவு தண்ணீர். மாப்பிள்ளை துடுப்புப் படகில் அவளைக் கொண்டுபோய் அங்கே இறக்கினார்.

“இங்கயா? இன்னும் இந்தப் பக்கமா?” என்று அங்கிருந்து கத்தினாள்.

“அவகிட்ட கேளு!” என்று மாப்பிள்ளை கத்தினார்.

சின்னவள் தூரத்தில் இருந்தே கையால் காற்றைத் தள்ளித் தள்ளி அக்காவை நகர்த்தினாள். அலமாரியைச் சுவரோரம் நகர்த்துவதுபோல. சரியான இடம் வந்ததும் அங்கேயே இரு என்று காட்டினாள்.

அன்றைக்கும் பிழிதல் வரவில்லை. அந்தக் காற்றுப் பருவம் முழுக்க அக்கா அங்கே போய் நின்றாள். தொலைபேசியில் திட்டு வாங்கிவிட்டு வந்து தண்ணீரில் நிற்பது நன்றாக இருக்கிறது என்றாள். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லையாம். கால் ஊறிச் சுருங்கியது. ஒரு தடவை ஜெல்லி மீன் கொட்டியது. அதற்கும் சின்னவளைத்தான் திட்டினாள்.

பிழிதல் வந்த அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாயங்கால வெயில், சீரான காற்று. சின்னவள் முஷ்டி இரண்டையும் திருகிக் காட்டினாள். காற்றைப் பார்த்துத் திரும்பினாள், பாயைத் தன் மேல் சாய்த்தாள், தாவினாள். பலகை பின்னோக்கி இறங்கியது. வழக்கமாக விழும் இடம் வந்தது. அங்கே ஆரஞ்சு நிறத்தில் அக்கா நின்றாள். சின்னவளின் தலை ஒரு கணம் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் அதன் கீழே திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு தலையும் வந்தது. பாய் காற்றைப் பிடித்தது. எதுவுமே நடக்காததுபோல அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

அக்கா திட்டில் குதித்துக் குதித்துப் பிழிந்தாள், தலைக்கு மேலே இரண்டு முஷ்டியையும் தூக்கி. பாவம், தப்பாகத்தான் திருகினாள்.

சின்னவள் இப்போது சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்காரி. எந்தப் போட்டிக்கும் போனதில்லை. எங்களில் சிலரைவிட அவளுக்குக் குறைவான வித்தைகளே வரும். ஆனால் பெயர்கள் அவளைவிட வேகமாகப் பயணம் செய்தன. போன வருஷம் வேறோர் ஏரிப் பக்கத்தில் இருந்து, அங்கே பாய்ப்பலகை ஓட்டுகிற ஒரு பல் டாக்டர் விடுமுறைக்கு வந்தார். நல்ல மனிதர், பேச்சுக்காரர். சின்னவள் காது கேளாதவள் என்று தெரிந்ததும், அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று பொறுமையாகச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தார். இது உறை. இது விரிப்பு. முஷ்டிகளைத் திருகி, இது பிழிதல் என்றார். கழுத்தைத் திருகுவதுபோல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று விளக்கமும் கொடுத்தார். சின்னவள் தலையாட்டிக்கொண்டே கவனமாகப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் போனதும், “அது உன்னோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே! நான் சொல்றேன் இரு” என்று கிளம்பினாள். சின்னவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நன்றாகத்தான் செய்கிறார் என்று காட்டினாள். பிறகு டாக்டரின் பின்னாலேயே போய், அவர் தோளைத் தட்டித் திருப்பி, முஷ்டிக்குள் மாட்டியிருந்த அவருடைய கட்டைவிரலை வெளியே எடுத்து வைத்தாள்.

ஈரத் துணியை அப்படிப் பிழிந்தால் விரல் நசுங்கும்.